ஆறு ரூபாய் மிச்சம்

தினேஷு,

ஒன்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து அதுவாக நின்றுபோகிறது. ஒரே ஒரு தடவை ரேவதி எடுத்து, "அவரு வெளிய போயிருக்காரு அத்தை" என்றாள். பின்னால் உன் இருமல் கேட்டது. அந்தப் பெண்ணை எனக்காகப் பொய் சொல்ல வைக்க வேண்டாம் என்று அதற்குப் பிறகு அவளுக்கும் அடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்று நாலு தடவை முயன்றேன். பாதியில் அழுகை வந்துவிடுகிறது, அழித்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். பிளஸ் டூ பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் முழுவதையும் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே. வியாழக்கிழமை புது பைக் டெலிவரி என்று உன் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்று ஞாயிறு. எனக்கு இருப்பது நாலு நாள்.

முதலில் அன்று நடந்ததை எடுத்துக்கொள்கிறேன். தப்பு என்னுடையது. கம்பெனி பஸ் நம் பக்கம் வருவதை நிறுத்திய நாளிலிருந்து நீ மேனாம்பேட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை காரில் போய் வருகிறாய். நாலு மாதமாக உன் சம்பளம் எப்படிக் கரைகிறது என்று கூடவே இருந்து பார்க்கிறேன். ஒரு சனிக்கிழமை காலையில் என்னை உட்கார வைத்து, பழைய கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாய். "பாரும்மா. டெய்லி எழுபது கிலோமீட்டர். கார் அஞ்சு லிட்டர் குடிக்குது. பைக்குன்னா ஒண்ணேகால் லிட்டர். ஒரு வருசத்துல வண்டி காசு வண்டியே சம்பாரிச்சுடும்." நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். நீ கணக்கு எனக்குப் புரியவில்லை என்று நினைத்திருப்பாய். புரிந்தது. நீ வேலைக்குப் போன பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து நானும் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங் செய்கிறவள், எண்ணத் தெரியும் எனக்கு. உன் கணக்கில் ஒரு பிழை கூட இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

பிறகு அண்ணனூரிலிருந்து அந்த மனிதர் வந்து காரைப் பார்த்தார், பிடித்துவிட்டது, முன்பணம் கொடுத்தார். நீ குளிக்கப் போயிருந்தபோது உன் போனிலிருந்து அவர் நம்பரை எடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன் செய்து, "சார், அது வெள்ளத்துல முழுகின வண்டி. இன்ஜின் வரைக்கும் தண்ணி போய்கீது. என் புள்ள உங்ககிட்ட சொல்ல மாட்டான்" என்றேன். பெற்ற பிள்ளையை ஏமாற்றுக்காரன் ஆக்கினேன். அவர் வந்து வாசலில் நின்று, தெருவே கேட்க, "இன்னாப்பா, முழுகின வண்டிய என் தலைல கட்டப் பாத்தியா? உங்கம்மாவே சொல்றாங்க" என்று கத்தியபோது உன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் வாத்தியார் அடித்த அன்று அப்படி ஒரு முகத்தோடு வந்தாய்.

அவர் போன பிறகு நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாய். "எவ்ளோ நாளைக்குமா இப்டி? முத சம்பளத்துலயே பைக் வாங்கறேன்னேன், அழுது காரு வாங்க வெச்ச. இன்னும் இன்னா பயம் உனக்கு?" அப்போது நீ சொன்னாய்: "நான் ஒண்ணும் நைனா மாதிரி மறதிக்காரன் இல்லமா. பெட்ரோல் போட மறந்துட்டு நடுரோட்ல தள்ளிக்கினு போவ மாட்டேன். டேங்க்க ஃபுல்லாவே வெச்சிருப்பேன். போதுமா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் இறந்துபோன இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை. வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "எங்கனா போய்த் தொலை" என்றேன். நீ போய்விட்டாய். ரேவதி பையை மாட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உன் பின்னால் போனாள். முத்தாபுதுப்பேட்டையில் மாமனார் வீட்டில் எத்தனை நாள் இருப்பாய், அங்கே உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று தினமும் நினைக்கிறேன். நினைத்து என்ன பயன். சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

உன் நைனாவுக்கு பைக் மேல் ஆசையே கிடையாது, தினேஷு. இது உனக்குத் தெரியாது. நீ அவரை எப்போதும் வண்டியோடு சேர்த்துத்தான் நினைக்கிறாய். அவர் வேலை பார்த்த லேத் பட்டறை இங்கே பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருந்தவரை நடந்தே போய் வந்தார். பட்டறை திருமழிசைக்கு மாறியதும் இரண்டு பஸ் ஆனது. காலையில் ஆறரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப எட்டரை, ஒன்பது. அதிலும் அவருக்குக் குறை இல்லை. "ஜன்னல் சீட்டு கெடச்சா தூங்கிக்கினே வந்துடறேன். அது ஒரு சொகம்தான்" என்பார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டில் எல்லாம் வாசலில் வண்டி நிற்கிறது, நம் வீட்டில் இல்லை என்கிற பொருமலும் இருந்தது, மறைப்பானேன். பஸ் சார்ஜ் இவ்வளவு, பெட்ரோல் இவ்வளவு, மிச்சமாகும் நேரம் இவ்வளவு என்று நானும் ஒரு காகிதத்தில் எழுதினேன். நீ எழுதிக் காட்டிய அதே கணக்கு, அதற்குப் பதினான்கு வருடம் முன்னால். அவர் பார்த்துவிட்டு, "நாப்பது வயசு ஆவப்போவுது. இப்ப போய் எனக்கு எதுக்குடி வண்டி?" என்றார். "வயசுப் பொண்ணுங்களே ஓட்டுதுங்க. உனக்கு இன்னா?" என்றேன். ஒரு மாதம் விடாமல் சொல்லிச் சொல்லி வாங்க வைத்தேன். ஏரிக்கரைப் பக்கம் காலி மனையில் ஓட்டப் பழகினார். இரண்டு தடவை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய், உனக்குப் பதினொரு வயது.

வண்டி வந்த பிறகு நன்றாகத்தான் இருந்தோம். அதையும் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்பாய். ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். உன்னை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தது அந்த இரண்டு வருடம்தான். ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் ஏரிக் கரைக்குப் போவோம். நீ முன்னால் டேங்கின் மேல் உட்காருவாய். வளர்ந்துவிட்டாய், உன் தலை அவர் கண்ணை மறைக்கும், "குனிடா டேய்" என்று தாடையால் உன் உச்சியில் இடிப்பார். நீ வேண்டுமென்றே நிமிருவாய். அந்த நாட்களை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பைக் வேண்டும் என்று நீ கேட்பதற்குப் பின்னால் பெட்ரோல் மட்டும் இல்லை என்றும் தெரியும். அதனால்தான் உன்னோடு வாதாட எனக்கு வாய் வருவதில்லை.

கணக்கு சொன்னபடியே மிச்சமும் ஆனது. அங்கேதான் நான் கெட்டுப்போனேன். மிச்சமாவதைப் பார்த்ததும் இன்னும் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஒரு வெறி. சிக்னலில் இன்ஜினை அணைக்கச் சொன்னேன். பாலத்திலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விடச் சொன்னேன். எந்த பங்க்கில் அளவு சரியாக இருக்கிறது என்று கம்பெனியில் பத்துப் பேரிடம் விசாரித்து, அந்த பங்க்கில் மட்டும்தான் போட வேண்டும் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அவருடைய குணம் அது. நான் சொன்னால் செய்வார்.

அப்போதெல்லாம் பெட்ரோல் விலை தினம் மாறாது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, இன்று நள்ளிரவு முதல் இவ்வளவு கூடுகிறது, இவ்வளவு குறைகிறது என்று டிவியில் ஓடும். கூடப்போகிறது என்றால் முதல் நாளே பங்க்கில் வரிசை நிற்கும். அன்று குறையப்போகிறது என்று பேச்சு. லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறையலாம் என்று காலையில் டிவியில் சொன்னார்கள். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"ரெண்டு நாளா ரிசர்வ்ல ஓடிக்கினு கீது. போற வழியில மூணு லிட்டர் போட்டுக்கினு போறேன்" என்றார்.

"இன்னிக்குப் போடாத. நாளைக்கு ரெண்டு ரூபா கொறையுதாம்" என்றேன்.

"வழியில நின்னுட்டா?"

"நின்னா தள்ளிக்கினு வா. தொப்பையாவது எறங்கும்" என்றேன்.

அவர் சிரித்தார். வயிற்றைத் தட்டிக்காட்டிவிட்டுப் போனார். மூன்று லிட்டருக்கு ஆறு ரூபாய். நீ கணக்குப் போடுகிறவன், நீயே போட்டுப் பார். ஆறு ரூபாய்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் போன் வந்தது. நீ தரையில் உட்கார்ந்து இந்திய வரைபடத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாய். "பைபாஸ்ல நின்னுடுச்சி. கொஞ்ச தூரத்துல பங்க் கீதுன்றாங்க. தள்ளிக்கினு போறேன்" என்றார். மூச்சு வாங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. "சரி, போடறதுதான் போடற, அரை லிட்டர் மட்டும் போடு. மீதிய நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றேன். "சரிடி" என்றார். நீ தலையைத் தூக்கி, "யாரு, நைனாவா? எதுக்குச் சிரிக்கிற?" என்று கேட்டாய். "நைனா வண்டி தள்றாரு" என்றேன். நீயும் சிரித்தாய். நீ இதை மறந்திருப்பாய். மறந்தே இரு.

அடுத்து அதே நம்பரிலிருந்து வந்த போனில் வேறு யாரோ பேசினார்கள். சாலையின் ஓரத்தோடு ஓரமாகத்தான் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். இருட்டத் தொடங்கிய நேரம். இன்ஜின் ஓடாததால் பின்விளக்கு எரியவில்லை. பின்னால் வந்த வேன்காரனுக்கு ஆள் தெரியவில்லை என்றார்கள். பங்க் அங்கிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் எழுதிக்கொண்டே என்னைக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, வேலைக்காகக் கேட்டார். "பெட்ரோல் இல்லாம எதுக்குமா பைபாஸ்ல வந்தாரு?" உன் பெரியப்பா என் பக்கத்தில் நின்றிருந்தார். சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான், "மறந்துட்டாரு சார். அவருக்கு மறதி ஜாஸ்தி" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு அதை எடுக்கவே முடியவில்லை. பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு, "சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்டித்தான்" என்று அழுதார். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும், "பெட்ரோலு போட மறப்பானா ஒரு மனுசன்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். பதினாறாம் நாளுக்குள் உன் நைனா ஊர் முழுக்க மறதிக்காரர் ஆகிவிட்டார். அவருக்கு மறதியே கிடையாது. உன் பள்ளிக்கூடத்து ஃபீஸ் கட்ட வேண்டிய நாளை நான் மறப்பேன், அவர் நினைவு வைத்திருப்பார். பட்டறையில் எந்த அளவையும் எழுதிவைக்காமல் மனதிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்வார் என்று அவருடைய முதலாளி துக்கத்துக்கு வந்தபோது சொன்னார். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேலும் ஒன்று செய்தேன். ஒன்பதாவது படிக்கும்போது நீ ஒருநாள் டிபன் பாக்ஸைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தாய். "அப்டியே உங்க நைனா மாதிரி" என்றேன். என் பொய்யை நானே நம்பத் தொடங்கியிருந்தேனா, நீயும் நம்ப வேண்டும் என்று சொன்னேனா, இன்றைக்கும் தெரியவில்லை. நீ அப்படியே நின்றாய். மறுநாளிலிருந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போக ஆரம்பித்தாய். பேனா, பாக்ஸ், குடை, வாட்டர் பாட்டில். இருபத்தைந்து வயதாகிறது, இன்னும் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறாய். உன் போனில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. கல்யாணமான புதிதில் ரேவதி என்னிடம், "கேஸ் அணைச்சோமானு பாக்க பாதி தூரம் போயிட்டுத் திரும்பி வர்றாரு அத்தை. ஏன் இப்டி?" என்று கேட்டாள். "அவன் சுபாவம்" என்றேன். உனக்கு எந்த வியாதியும் இல்லை, தினேஷு. உன் உடம்பில் ஓடும் ரத்தத்தில் எந்த மறதியும் இல்லை. நான் ஒருநாள் ஒரு போலீஸ்காரரிடம் சொன்ன பொய்க்கு நீ பன்னிரண்டு வருடமாகக் காவல் காத்துக்கொண்டிருக்கிறாய்.

நேற்று மத்தியானம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். உனக்குச் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொல்லிப் பழக வேண்டும் போல இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து கேட்டார். பிறகு, "இத்தினி வருசமா வாசப்படி தாண்டுறப்ப எல்லாம் அவன் போட்டோவப் பாத்து, ஏன்டா மறந்த, ஏன்டா மறந்தனு திட்டிக்கினு கீறேம்மா" என்றார். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். நான் காலில் விழப் போனேன், கையால் தடுத்தார். "என் கால்ல வுழுந்து இன்னா ஆவப்போவுது. புள்ளைகிட்ட சொல்லிடு. அவன் அப்பனத் தப்பா நெனச்சிக்கினே வாழக் கூடாது" என்றார். வெளியே வரும்போது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக் குடிக்கவே எனக்குக் கூசியது.

இப்போது வண்டி விஷயம். நீ கேட்பாய், நைனா பைக்கில் போய் இறக்கவில்லையே, தள்ளிக்கொண்டு போனபோதுதானே, அதற்கும் நான் வாங்கப்போகும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று. நியாயமான கேள்வி. நானும் என்னையே கேட்டுப் பார்த்தேன். ஊரில் எத்தனையோ பேர் பைக்கில் வேலைக்குப் போய் முடி கலையாமல் வீடு திரும்புகிறார்கள். வண்டி மேல் எனக்குப் பகை இல்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. உன்னிடம் நைனாவின் மறதி இருக்கிறது என்று நீ பயப்படுகிறாய். உன்னிடம் என் கணக்கு இருக்கிறது என்று நான் பயப்படுகிறேன்.

போன மாதம் கார் முன்டயரில் நூல் தெரிந்தது. மெக்கானிக் மாற்றச் சொன்னான். நீ, "இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாங்கும்மா" என்றாய். அக்னி நட்சத்திர வெயிலில் ரேவதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஏ.சி. போடாமல் பூந்தமல்லி வரை போனாய். அந்தப் பெண் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் இறங்கும்போது புடவை முதுகோடு ஒட்டியிருந்ததாம், சிரித்துக்கொண்டே சொன்னாள். பாலத்தில் இறங்கும்போது நீ நியூட்ரலுக்குத் தள்ளுவதை நான் பின்சீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. காரில் இருக்கும்போது அந்தப் பழக்கம் ஒரு தகரக் கூட்டுக்குள் இருக்கிறது. பைக்கில் உன் தோலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. மழை வந்தால் ஒதுங்கி நிற்காமல் போவாய், லேட்டானால் சம்பளம் பிடிப்பார்கள் என்று. டயர் இன்னும் ஒரு மாதம் என்பாய். ரேவதிக்கு ஹெல்மெட் விலை குறைந்ததாகப் பார்ப்பாய். அவளைக் காலையில் பூந்தமல்லியில் இறக்கிவிட்டுப் போக வேண்டுமே, அவளும் உன் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்த லாரிகளுக்கு நடுவில்தானே வருவாள். ஒவ்வொன்றும் சின்ன மிச்சம். ஒவ்வொன்றுக்கும் உன்னிடம் ஒரு சரியான கணக்கு இருக்கும். என்னிடமும் இருந்தது.

பெட்ரோல் மிச்சத்துக்காக வண்டி வாங்கலாமா என்று கேட்டால், வேறு யாராவது கேட்டால், தாராளமாக வாங்கு என்பேன். மிச்சத்தை ஓர் இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள் வாங்கலாம். நாம் நிறுத்தத் தெரியாத ஆட்கள். உன் நைனாவுக்கு நிறுத்தத் தெரியும். அவர் மூன்று லிட்டர் போட்டுக்கொண்டுதான் போகிறேன் என்றார்.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனி பஸ் நின்ற உடனே நீ ஒரு வழி சொன்னாய். பூந்தமல்லியில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விடலாம், ரேவதிக்கு நடந்து போகிற தூரம், எனக்கும் என் கம்பெனிக்கு நேர் பஸ், நீயும் வாம்மா என்றாய். நான் நெஞ்சு படபடக்கிறது என்று படுத்துக்கொண்டேன். நீ டாக்டரிடம் கூட்டிப்போனாய். அவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாகத்தான் இருந்தது. படபடப்பு கொஞ்சம் உண்மை, மீதி நடிப்பு. இந்த வீட்டை விட்டு வர எனக்கு மனம் இல்லை, தனியாக இருக்கவும் தைரியம் இல்லை. நீ பேச்சை விட்டுவிட்டாய். எழுபது கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்று உன் காகிதத்தில் எழுதவில்லை. என்னிடமிருந்து வந்தது.

போங்கள், தினேஷு. நீயும் ரேவதியும் பூந்தமல்லிக்குப் போங்கள். நான் இங்கே இருந்துகொள்வேன், கம்பெனி நடக்கிற தூரம், பக்கத்து வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து போவேன். கூப்பிடாவிட்டால் வர மாட்டேன். வீட்டு அட்வான்ஸுக்கு என் பி.எஃப். பணத்தை எழுதிக்கொடுத்து வாங்கித் தருகிறேன். இதை நான் உனக்கு லஞ்சமாகச் சொல்லவில்லை. இல்லை, லஞ்சம்தான். என்னவாகவும் வைத்துக்கொள். உன்னை அந்த ரோட்டிலிருந்து எடுக்க எதைக் கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பேன்.

அண்ணனூர்க்காரருக்கு இன்று காலையில் மறுபடி போன் செய்தேன். நான் சொன்னது பொய், வண்டி தண்ணீரைப் பார்த்ததே இல்லை, என் பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை என்றேன். "இன்னாமா நீங்க, பெரியவங்க இப்டியா பண்றது?" என்றார். கேட்டுக்கொண்டேன். இன்னும் அவருக்கு வண்டி வேண்டுமாம். ஆர்.சி. புத்தகத்தை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். ஓரத்தில் வெள்ளையாக இருப்பது அரிசித் தூசு, துடைத்துக்கொள். காரை விற்பதும் விற்காததும் இனி உன் கையில். ஒளித்துவைத்துத் தடுக்க என்னிடம் இனி எதுவும் இல்லை. வாங்காதே என்று கெஞ்சத்தான் முடியும். வாங்காதே, தினேஷு. வியாழக்கிழமை ஒரு நாள் தள்ளிப்போடு. ஒரே ஒரு வாரம் தள்ளிப்போட்டு, பூந்தமல்லியில் இரண்டு வீடு பார்த்துவிட்டு, அப்புறம் முடிவு செய். அப்போதும் பைக்தான் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நாளைக்கு கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பூந்தமல்லிக்குப் போய் இதை ரேவதி கையில் கொடுக்கிறேன். அவளும் படிக்கட்டும். அவளுக்குத் தெரியாமல் உன் நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளாதே. நான் அப்படி வைத்திருந்து என்ன ஆனேன் என்று பார்த்துவிட்டாய். படித்து முடித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாது. என் முகத்தில் விழிக்கக் கூடாது என்று தோன்றலாம். அப்படித் தோன்றினாலும் ஒரு தடவை போன் செய். நல்லவிதமாகப் பேச வேண்டாம், சமாதானம் சொல்ல வேண்டாம். பெரியப்பா அழுதார், தண்ணீர் கொடுத்து அனுப்பினார், ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது யாராவது என் பக்கம் திரும்பி, "நீ இன்னா சொல்லி அனுப்பின?" என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

நீ கேள், தினேஷு. போனைப் போட்டு, "ஏன்மா அப்டி சொன்ன?" என்று கேள். நான் எடுப்பேன்.

அம்மா